திக்கித் திக்கி ஓதும் பிள்ளைக்கு இரண்டு கூலி

அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ். அம்மா பஃது.



காலாண்டுத் தேர்வு மார்க் வந்ததும் நம் மஹல்லாவில் சில வீடுகளில் பிள்ளைகளுக்கு அடி விழுகிறது. "சூராக்களைக் கேட்டே மனப்பாடம் செய்கிறான் ஹஜ்ரத், புத்தகத்தைத் திறந்தால் மட்டும் திக்குகிறான். எல்லாம் திமிர்!" என்றார் ஒரு தகப்பனார். அந்தப் பிள்ளையை மக்தபில் நானும் அதட்டியிருக்கிறேன். பா, தா, ஸா மூன்றையும் மாற்றி மாற்றிப் படித்தபோது கவனமில்லை என்று நினைத்தேன். தவறு என்னுடையது. அல்லாஹ் மன்னிப்பானாக.

அது திமிர் அல்ல. டிஸ்லெக்ஸியா என்னும் கற்றல் குறைபாடு. அறிவில் குறைவில்லை. எழுத்தையும் அதன் ஓசையையும் இணைப்பதில்தான் சிரமம். இது கண்ணேறும் அல்ல. தாவீஸ் கட்டினாலும் போகாது, அடித்தாலும் போகாது.

குர்ஆனைத் திறம்பட ஓதுபவர் கண்ணியமிக்க வானவர்களுடன் இருப்பார் என்றும், சிரமப்பட்டுத் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்றும் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ரஸூலுல்லாஹ் இரண்டு கூலி சொன்ன பிள்ளைக்கு நாம் இரண்டு அறை கொடுக்கிறோமே!

என்ன செய்வது? முதலில் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டுங்கள். பிறகு பள்ளியில் பேசுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் இதுவும் ஒன்று. இதைச் சீக்கிரம் கண்டறிந்து, ஏற்ற முறையில் கற்பிப்பது பள்ளியின் கடமை. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர் போன்ற சலுகைகள் உண்டு. அதற்குச் சான்றிதழ் வேண்டும். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று பத்தாம் வகுப்பு வரை தள்ளிப் போடாதீர்கள். தி.நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

வீட்டில் தினமும் 15 நிமிடம் ஒதுக்குங்கள். நீங்கள் ஒரு வரி வாசியுங்கள். பிள்ளை விரல் வைத்து அதே வரியை வாசிக்கட்டும். தடுமாறினால் சொல்லை ஓசை ஓசையாகப் பிரித்துக் காட்டுங்கள். அண்ணன் தம்பியோடு ஒப்பிடாதீர்கள். நம் கோட்டூர்புரத்திலேயே 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பிரிவு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். புத்தகத்தை அவனே எடுக்கட்டும்.

பத்து வருடம் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபியவர்கள் ஒருமுறைகூட 'சீ' என்று சொன்னதில்லை. அந்தப் பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இன்று வீட்டுக்குப் போனதும் அவன் தலையைத் தடவிக் கொடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குக் கல்வியை இலேசாக்குவாயாக. எங்களுக்குப் பொறுமையைத் தருவாயாக. ஆமீன்.