கொடுத்தவருக்கு என்ன சொந்தம்?

ஒருவனைப் படிக்க வைத்தவர் அவனிடம் என்ன கேட்கலாம்? நன்றியைக் கேட்கலாமா? எந்தச் சாமியைக் கும்பிட வேண்டும், எந்த வேலைக்குப் போக வேண்டும் என்றும் சொல்லலாமா? சீனரும் அமெரிக்கரும் பழகிய கதையைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. என்னையும் ஒரு மிஷன் பள்ளிதான் படிக்க வைத்தது. இலவசப் பாடப்புத்தகங்களை என் அப்பா திருநீறு பூசிய நெற்றியோடு பாதிரியார் கையிலிருந்து வாங்கினார். பாதிரியார் பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்பாதான் வீடு வரும்வரை, இதற்கு நாம் என்ன செய்யப்போகிறோம் என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

யுங் விங்கிடம் கேட்டார்கள்.

சீனாவில் மக்காவ் அருகே ஓர் ஏழைக் குடும்பத்தில் 1828ல் பிறந்தவர் அவர். ஹாங்காங்கில் மாரிசன் பள்ளியில் படிக்கும்போது, ஆசிரியர் சாமுவேல் பிரௌன் உடல்நலம் கெட்டு அமெரிக்கா திரும்ப முடிவு செய்தார். கூட வர யாருக்கு விருப்பம் என்று வகுப்பில் கேட்டார். முதலில் எழுந்து நின்றது யுங் விங். 1847ல் மூன்று மாணவர்கள் புறப்பட்டார்கள். கட்டணம் வாங்காமல் கப்பலில் ஏற்றிக்கொண்டது ஆலிஃபண்ட் என்ற அமெரிக்க நிறுவனம். சீனத் துறைமுகமான கான்டனில் மற்ற வணிகர்கள் அபினில் பணம் குவித்த காலத்தில், அபினைத் தொடமாட்டோம் என்று நின்ற நிறுவனம் அது. வணிகத்துக்கும் மனச்சாட்சி உண்டு என்று நான் நம்ப அதுவே போதும். பிள்ளையைப் பிரிந்த தாய் கஷ்டப்படக் கூடாது என்று புரவலர்கள் அவர் வீட்டுக்கும் பணம் கொடுத்தார்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மன்சன் பள்ளியை முடித்ததும் யேல் கல்லூரியில் சேர ஆசை. கையில் காசில்லை. பள்ளி அறங்காவலர்களிடம் ஏழை மாணவர் நிதி இருந்தது. மிஷனரி ஆவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது கிடைக்கும். யுங் விங் மறுத்துவிட்டார். அவரும் கிறிஸ்துவை நம்பியவர்தான். ஆனால் சீனாவுக்கு நன்மை செய்ய எந்த வழி திறந்தாலும் அதில் நடக்கத் தனக்கு உரிமை வேண்டும், இப்போதே ஒரே வழியில் கட்டுப்பட மாட்டேன் என்றார்.

உதவி செய்தவர்களிடம் இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்த மறுப்பில்தான் பக்தி தெரிகிறது. நாளை கடவுள் எங்கே அழைப்பார் என்று தெரியாத வயதில், கல்லூரிச் சம்பளத்துக்காகப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் அந்த அழைப்பையே அடகு வைத்ததாகிவிடும்.

கடைசியில் ஜார்ஜியா மாநிலத்து சாவன்னாவில் ஒரு பெண்கள் சங்கம் கைகொடுத்தது. மீதிக்கு, மாணவர் உணவுக் குழுவுக்குச் சாமான் வாங்கிப்போட்டு, பந்தி பரிமாறித் தன் சாப்பாட்டுச் செலவை ஈடுகட்டினார். 1854ல், அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பட்டம் பெற்ற முதல் சீனர் ஆனார். அந்தக் கல்லூரியின் பெயரே ஒரு கொடைக்குக் கிடைத்த கைம்மாறு. நம் சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்து செல்வம் சேர்த்த எலிஹு யேல் 1718ல் அனுப்பிய சரக்குப் பொதிகளும் புத்தகங்களும் அந்தப் பெயரைப் பெற்றுத் தந்தன. சாவன்னாப் பெண்களின் பணம் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

பிறகு கொடுக்கும் முறை யுங் விங்குக்கு வந்தது. அவருடைய முயற்சியால் 1872 முதல் சீன அரசின் செலவில் 120 சிறுவர்கள் நியூ இங்கிலாந்துக்கு வந்தார்கள். அமெரிக்கக் குடும்பங்களோடு தங்கினார்கள், பேஸ்பால் ஆடினார்கள், சிலர் சர்ச்சுக்கும் போனார்கள். இப்போது பத்திரம் கேட்டது பேரரசு. சடையை வெட்டக் கூடாது. ஹார்ட்ஃபோர்டு தலைமையகத்துக்கு முறைவைத்து வந்து சீன நூல்களைப் படிக்க வேண்டும். பேரரசர் இருக்கும் திசையை நோக்கி வணங்க வேண்டும். பையன்கள் கைநழுவிப் போகிறார்கள் என்று மேற்பார்வை அதிகாரி ஊருக்குப் புகார் எழுதினார். அமெரிக்க அரசோ அவர்களை இராணுவக் கல்லூரியில் சேர்க்கவில்லை. 1881ல் சீன அரசு சிறுவர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது. மறு ஆண்டே சீனத் தொழிலாளர் வரக் கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது. யுங் விங் 1852ல் பெற்ற குடியுரிமையும் 1898ல் செல்லாது என்றாகிவிட்டது. அந்தப் பிள்ளைகளின் மனது யாருக்குச் சொந்தம் என்று இரண்டு அரசுகளும் கணக்குப் பார்த்தன. அந்த மனதுக்குள் என்ன நடந்தது என்று கேட்க இரண்டுக்கும் பொறுமை இல்லை.

அவர்களில் ஒருவர் ஜான் தியான்யூ. யேலில் பொறியியல் படித்தவர். பீஜிங்கிலிருந்து ஜாங்ஜியாகோவுக்கு ரயில்பாதை போட்டு 1909ல் முடித்தார். மலைச்சரிவு செங்குத்தான இடத்தில், ரயில் ஒரு திசையில் ஏறி நின்று, பின்னோக்கித் திரும்பி, மேலே ஏறும்படி தண்டவாளத்தை அமைத்தார். இது யேலுக்குச் செய்த கைம்மாறா, சீனாவுக்குச் செய்ததா என்று பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை, பிரிக்கவும் விருப்பமில்லை.

யுங் விங் 1875ல் கனெக்டிகட்டில் மேரி கெல்லாக்கை மணந்தார். மூத்த மகனுக்கு மாரிசன் பிரௌன் என்று பெயர் வைத்தார். முதல் பாதி ஹாங்காங்கில் படித்த பள்ளி, மறுபாதி கப்பலில் அழைத்து வந்த ஆசிரியர். அப்படிப் பெயர் வைக்கச் சொல்லி அவரிடம் யாரும் கையெழுத்து வாங்கியிருக்கவில்லை. இரண்டு மகன்களும் யேலில் படித்தார்கள்.