கடனும் காலக்கெடுவும்

கொடுத்த கடனைத் திரும்பக் கேட்பது அறத்துக்கு இழுக்காகுமா? மூன்றாண்டு கடந்ததும் கடன் மடிந்துவிடுமா? அன்பர்கள் அடிக்கடி எழுப்பும் வினாக்கள் இவை.

முதலில் சட்டத்தின் நிலையைக் காண்போம். கடனுறுதிச் சீட்டின் பேரில் கொடுத்த பணத்துக்கு, 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி மூன்றாண்டுக்குள் வழக்குத் தொடுத்தல் வேண்டும். கெடு முடியுமுன் கடன்பட்டவர் சிறு தொகை செலுத்தி, சீட்டின் பின்புறம் வரவெழுதிக் கையொப்பமிட்டால், அன்றுமுதல் மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். கடனுக்கு ஈடாகத் தந்த காசோலை பணமின்றித் திரும்பினால், வங்கியின் செய்தி கிடைத்த 30 நாளுக்குள் அறிவிப்பு அனுப்பவேண்டும். அது சேர்ந்தபின் 15 நாள் தவணை உண்டு. அதற்குள்ளும் பணம் வாராவிடில், ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் முறையிடலாம். மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பாரும் இசைந்து செய்துகொள்ளும் உடன்பாடு, உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு ஒப்பானது.

இவ்வளவு உரிமை தரும் சட்டம் அதற்கு எல்லையும் வகுத்துள்ளது. உடுக்கும் உடை, சமையற்பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவி, உழவரின் ஏர்மாடு, பெண்ணின் தாலி ஆகியவற்றை ஜப்தி செய்ய இயலாது. வறுமை ஒன்றையே காரணமாக்கிக் கடனாளியைச் சிறையிலிடலாகாது என்று 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருந்தும் தராதவரையும், இல்லாமையால் தராதவரையும் சட்டமே வேறுபடுத்திக் காண்கிறது. கடன் கொடுத்த நாமும் அவ்வாறே காணவேண்டாமா?

என் அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதியை, உடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவருக்குச் சீட்டின் பேரில் கொடுத்தேன். கேட்க நாணி வாளாவிருந்தேன், கெடு கடந்தது. அதனைப் பெருந்தன்மை என்றே எண்ணி மகிழ்ந்தேன். அவரோ என்னைக் கண்டால் வேறு தெருவில் திரும்பலானார். பணத்தோடு முப்பதாண்டு நட்பும் போகின்றதே என வருந்தி, ஒருநாள் அவர் இல்லம் சென்றேன்.

"டீச்சர், கெடு முடிந்துவிட்டது. நீங்கள் தராவிட்டாலும் நான் வழக்குப் போட முடியாது. உங்களால் இயன்றதைச் சொல்லுங்கள்" என்றேன்.

அவர் கண்ணீர் மல்க, மாதந்தோறும் சிறிது தருவதாக எழுதிக் கையொப்பமிட்டார். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவின்படி, கெடு கடந்த கடனுக்கும் இத்தகைய எழுத்துறுதி செல்லும். நீதிமன்றத்தின் கதவு அடைபட்ட பின்னரும் கடன் இருந்துகொண்டே இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. இரண்டாண்டில் கடன் தீர்ந்தது. சீட்டை அவர் கையிலேயே கொடுத்தேன்.

ஆதலின், கேட்கத் தயங்கவேண்டா. முதலில் நேரில் சென்று நிலையறிக; பின்னர் எழுத்தால் கேட்க; அடுத்துச் சமரசம் நாடுக; இருந்தும் தர மறுப்பவர்மீது மட்டும் வழக்குத் தொடுக்க. கடன்பட்டவரும் நாட்காட்டியை நம்பிக் காத்திருத்தல் கூடாது. வாங்கிய கை தன்னுடையதே என்பதை அவர் உள்ளம் அறியும்.