இந்தக் காரியம்

"அஸன்பே சரித்திரம்: ஓர் ஆய்வு." பல்கலைக்கழக இறுதி வருடத்தில் என் ஆய்வேட்டுக்கு நான் இட்ட தலைப்பு இதுதான். அறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட அந்நூலை ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்பாருமுண்டு. கதை கெய்ரோவிலும் இந்தியாவிலும் நிகழ்வதால் ஈழத்து நாவலாகக் கொள்ளத் தயங்குவாருமுண்டு. இரு சாராரையும் நாற்பது பக்கங்களில் தொகுத்து, 'மேலும் ஆராயப்பட வேண்டியது' என்று முடித்திருந்தேன்.

மேற்பார்வையாளர் புரட்டிப் பார்த்தார்.

"உங்கள் முடிபை ஒரே வசனத்தில் எழுதித் தாருங்கள்."

'இந்நூல் பற்றிப் பல கருத்துகள் நிலவுகின்றன' என்று எழுதிக் கொடுத்தேன்.

"இதை யார் மறுப்பார்?"

"ஒருவராலும் மறுக்க ஏலாது, சேர்." பெருமையாகத்தான் சொன்னேன். தாளைத் திருப்பித் தந்துவிட்டார்.

மூன்று கிழமைகள் ஒரு வரியும் ஓடவில்லை. நடுநிலை என்று நான் பெயர் சூட்டியிருந்தது உண்மையில் பயம். இரு சாராரிலும் நான் மதிக்கும் பெரியவர்கள் இருந்தார்கள். நூல் வெளியீடுகளில் முன்வரிசையில் அருகருகே அமர்பவர்கள் வேறு!

"இஸ்திகாரா தொழுதுட்டுப் படு மகன்" என்றா உம்மா. தொழுதேன். கனவு வரும் என்று நம்மில் பலரைப் போலவே நானும் எதிர்பார்த்தேன். வரவில்லை. பிறகுதான் அந்தத் துஆவின் பொருளை நிதானமாகப் படித்தேன். ஒரு காரியத்தை நாடியவருக்கே அத்தொழுகை கற்பிக்கப்பட்டிருக்கிறது. 'இந்தக் காரியம்' என்று வருமிடத்தில் தன் தேவையை அவர் குறிப்பிடவும் வேண்டும். நான் குறிப்பிட என்ன இருந்தது? நன்மையானால் கைகூட்டு, தீமையானால் விலக்கு என்று கேட்பதற்கு, கைகூடவோ விலகவோ ஒன்று வேண்டுமல்லவா?

அன்றிரவு எழுதினேன்: 'கதை நிகழும் மண்ணல்ல, எழுதியவர் வாழ்ந்த மண்ணே நாவலின் நாட்டைத் தீர்மானிக்கிறது, ஆகவே அஸன்பே சரித்திரம் ஈழத்து நாவலே.'

எழுதியதும் எதிர்வாதங்கள் வரிசையில் வந்து நின்றன. திருகோணமலை சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' (1895) எனக்குத் துணை என்று எண்ணினேன். அதன் களமும் தமிழகந்தானே. ஆனால் அவர் சென்னையில் பணியாற்றியவர். நூல் வெளிவந்ததும் அங்கேதான். துணைக்கு அழைத்தவரே என் வசனத்தின் காலை வாரிவிட்டார். நாற்பது பக்கத் தொகுப்பில் இந்தச் சிக்கல் ஓரிடத்திலும் தலைகாட்டியிருக்கவில்லை.

'வாழ்ந்த மண்' என்பதை வெட்டி, 'முன்னிறுத்திப் பேசிய சமூகம்' என்று திருத்தினேன். வெட்கமாகத்தான் இருந்தது. நாம் பின்பற்றும் இமாம் ஷாபிஈ, எகிப்துக்குச் சென்றபின் தமது தீர்ப்புகள் பலவற்றை மாற்றினார். பழையது, புதியது என்று இரண்டையும் நம் மத்ரஸாக்களில் இன்றும் ஓதுகிறார்கள். ஈராக்கில் அவர் வாய் திறவாதிருந்தால் எகிப்தில் எதை மாற்றியிருப்பார்? முயன்று தீர்ப்புச் செய்து தவறியவருக்கும் ஒரு கூலி உண்டென்ற ஹதீஸும் நினைவுக்கு வந்தது. அது அறிவோடு முயன்றவருக்கு. நம் மேடைகளில் வாய்க்கு வந்ததைச் சொல்வோர் அதில் பங்கு கேட்க முடியாது. எனக்கே பங்குண்டா என்பதில் இன்றும் சந்தேகந்தான்.

திருத்திய வசனத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேற்பார்வையாளர் இருமுறை வாசித்தார். சிவப்புப் பேனையால் ஓரத்தில், 'நான் உடன்படவில்லை. ஏன் என்று பேசுவோம், உட்காரும்' என்று எழுதினார்.