சாவி கொடுத்தவரின் பங்கு

2021 பிப்ரவரியில், தமிழகக் காவல்துறையில் சிறப்பு டிஜிபி பொறுப்பில் இருந்த ராஜேஷ் தாஸ் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் கொடுக்கச் சென்னைக்குப் புறப்பட்ட பெண் எஸ்பி ஒருவரின் வாகனம் பரனூர் சுங்கச்சாவடி அருகே வழிமறிக்கப்பட்டது. 2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்றாண்டு சிறைத்தண்டனை விதித்தது. அவர் மேல்முறையீடு செய்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். வழிமறித்தவரான அன்றைய செங்கல்பட்டு எஸ்பிக்கு விதிக்கப்பட்டது 500 ரூபாய் அபராதம். ஒருவரை முறைகேடாகத் தடுத்து நிறுத்தும் குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 341ஆம் பிரிவு வகுத்திருந்த அபராதத்தின் உச்சவரம்பே அந்தத் தொகைதான் என்பதால், சட்டக் கணக்கில் அதில் பிழை காண்பதற்கில்லை. அறக் கணக்கு அத்துடன் முடிந்துவிடுமா என்பதே கேள்வி.

முடியாது என்பதே இக்கட்டுரையின் முடிபு. மேலிடத்தில் இருப்பவர் தன் பதவியைக் கொண்டு இழைக்கும் தீமைக்குக் கீழே இருப்பவர் தெரிந்தே வழிவிடுவாராயின், அவர் வெறும் ஏவலாள் அல்லர், தீமையின் பங்காளி. ‘சொன்னதைச் செய்தேன்’ என்ற சொல் அவருடைய பங்கைக் குறைக்கலாமே தவிர, அழிக்காது.

இந்த உண்மையை அலுவலக வாழ்க்கையின் நடுவே வைத்துக் காட்டிய படைப்புகளுள் முதன்மையானது, பில்லி வைல்டர் இயக்கத்தில் 1960இல் வெளிவந்து, சிறந்த படம் உள்ளிட்ட ஐந்து ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற ‘தி அபார்ட்மெண்ட்’ என்னும் ஹாலிவுட் படமாகும். நியூயார்க்கின் மாபெரும் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், வரிசை வரிசையாகப் போடப்பட்ட மேசைகளுள் ஒன்றில் அமர்ந்து கணக்குப் பார்க்கும் பாக்ஸ்டர் என்ற எழுத்தர், மணமான மேலதிகாரிகள் நால்வர் தம் கள்ள உறவுகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளத் தன் வாடகை வீட்டின் சாவியை முறைவைத்துக் கொடுக்கிறார். அதற்குக் கைம்மாறாகப் பதவி உயர்வுக்குப் பரிந்துரை கிடைக்கிறது. விருந்துக்குப் போக உடை மாற்ற ஓரிடம் வேண்டும் என்று சக ஊழியர் ஒருவர் கேட்டதில் தொடங்கிய வழக்கம் இது என்று படம் சொல்வது கூர்ந்து நோக்கத்தக்கது. முதல் முறை அது உதவி, இரண்டாம் முறை தாட்சண்யம், அதன்பின் அது வழக்கம். வழக்கமான பிறகு மறுப்பவர்தான் குற்றவாளிபோல் பார்க்கப்படுவார்.

படத்தில் பாக்ஸ்டர் கெட்டவர் அல்லர். இரவில் வீட்டுக்குள் நுழைய முடியாமல் வெளியே காத்துக் கிடந்து, சளியும் காய்ச்சலுமாக மறுநாள் மேசையில் அமர்ந்து, மூக்கைச் சிந்தியபடியே நாட்காட்டியைப் பார்த்து, ஒரு மேலாளரின் நாளை இன்னொருவருக்கு மாற்றித் தொலைபேசியில் ஒழுங்கு செய்கிறார். தன் வீட்டுக்கே முன்பதிவு எழுத்தராகிவிட்ட அந்த மனிதரைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பே பிறகு குத்துகிறது. ஏனெனில், பணியாளர் துறைத் தலைவர் ஷெல்ட்ரேக்கிடம் ஏமாந்து, அதே வீட்டில் தூக்க மாத்திரைகளை விழுங்கிக் கிடப்பவர், பாக்ஸ்டர் மனத்தால் விரும்பிய மின்தூக்கி இயக்குநரான ஃபிரான் என்ற பெண். அவர் மனத்தை உடைத்தவர் ஷெல்ட்ரேக் என்றாலும், அதற்குக் கதவு திறந்துவிட்ட சாவி பாக்ஸ்டருடையது.

தமிழ் அறநூல்கள் இவ்விடத்தில் ஒரே குரலில் பேசுகின்றன. வினைத்தூய்மை அதிகாரத்தில் வள்ளுவர், பெற்ற தாயின் பசியைக் காண நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யலாகாது என்கிறார். பழியைச் சுமந்து பெறும் செல்வத்தைவிடச் சான்றோரின் கடும் வறுமையே மேலானது என்றும் அதே அதிகாரம் உரைக்கிறது. மன்னரைச் சேர்ந்தொழுகல் என்ற அதிகாரம், அதாவது அதிகாரம் உடையாரின் அருகிருந்து பணிபுரியும் முறையைக் கூறும் பகுதி, பழகிய உரிமையை நம்பித் தகாதன செய்வது கேட்டைத் தரும் என்று எச்சரிக்கிறது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கோவலனைக் கண்ட காவலருள் சிலருக்கு அவன் கள்வன் அல்லன் என்ற ஐயம் எழுகிறது. ஆயினும் பொற்கொல்லனின் பேச்சை மீறி அந்த ஐயத்தைச் செயலாக்க எவரும் முன்வரவில்லை. ஐயுற்றவர் உறுதியாக நின்றிருந்தால் மதுரை எரிந்திராது. கம்பன் காட்டும் மாரீசன், பிறன்மனை நோக்குதல் பெரும்பழி என்று இராவணனுக்கு எடுத்துரைத்த பிறகும், உயிரச்சத்தால் பொன்மான் ஆகிறான். அவன் சொன்ன அறிவுரை அவனைக் காப்பாற்றவில்லை. பொன்மான் என்ற பழியே நின்றது.

குமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டுக்கு இந்தச் சிந்தனை புதிதன்று. அகலிகைக்குத் தீங்கிழைத்த இந்திரன், தேவர்க்கெல்லாம் தலைவனாயிருந்தும், சுசீந்திரம் கோயிலுக்கு வந்து தன் பாவத்தைக் கழுவ வேண்டியிருந்தது என்று அத்தலபுராணம் கூறுகிறது. பாலியல் குற்றம் சுமத்தப்பட்டோர் கொதிக்கும் நெய்யில் கையை முக்கித் தம் தூய்மையை நிறுவும் ‘கைமுக்கு’ என்ற கொடிய வழக்கம் அக்கோயிலில் நிலவி, 19ஆம் நூற்றாண்டில் ஒழிந்தது. அந்த முறை ஒழிந்தது நன்று. ஆனால் பதவி உயர்ந்தவரையும் விசாரணைக்கு நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் ஒழியலாகாது. குமரிக் கடலில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையின் 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களையும், அதன்மேல் நிற்கும் 95 அடி உருவம் பொருளையும் இன்பத்தையும் குறிப்பன. அறத்தின் மேல்தான் மற்ற இரண்டும் நிற்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

குமரி மாவட்டத்தில் முந்திரித் தொழிற்சாலையை மக்கள் ‘அண்டி ஆபிஸ்’ என்றே அழைக்கின்றனர். ஓடு உடைப்பதும் தோல் உரிப்பதும் பெரும்பாலும் பெண்கள். அவ்வேலைகளுக்குக் கூலி எடைக்கணக்கில். உடைந்த பருப்பு எவ்வளவு, முழுப் பருப்பு எவ்வளவு என்று தராசின் அருகே நின்று சொல்பவரின் ஒரு சொல்லில் அன்றைய கூலி ஏறலாம், இறங்கலாம். மேலாளரின் தவறு வெளியே தெரியாமல் இருப்பதும் தெரிவதும் இத்தகைய இடைநிலை மனிதரின் கையில்தான் இருக்கிறது. காவல்துறையில் எஸ்பிக்குப் பொருந்தும் அறம் அண்டி ஆபிஸின் தராசடியிலும் பொருந்தும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. செஞ்சோற்றுக் கடன், அதாவது உண்ட சோற்றுக்கு உண்மையாயிருத்தல், நம் மரபில் பெரும் பண்பு; கும்பகருணன் அதற்காகவே உயிர்விட்டான். வேலை போனால் பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக் கடனும் என்னாகும் என்ற அச்சமும் பொய்யன்று. அச்சத்தால் வாய்மூடியிருப்பவரையும் ஆதாயத்துக்காகச் சாவி நீட்டுபவரையும் ஒரே தட்டில் நிறுத்துவது நியாயமாகாது. ஆயினும் உண்ட சோறு உழைப்புக்குக் கிடைத்த கூலியே. மனச்சான்றுக்குக் கொடுத்த விலை அன்று. கும்பகருணனை இரக்கத்தோடு பாடிய கம்பன்தான் வீடணனைச் சரியான பக்கத்தில் நிறுத்தினான்.

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின் வழியில் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் மூத்த பெண் ஊழியர் ஒருவரின் தலைமையில் உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்றும், விசாரணையை 90 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. எனினும் குழு அறையின் கதவைத் தட்ட வரும் பெண்ணைப் படிக்கட்டிலேயே நிறுத்தி, ‘இதைப் பெரிதாக்காதீர்கள்’ என்று சொல்லும் சக ஊழியரைச் சட்டம் எளிதில் எட்டிப் பிடிக்காது. அங்கே அறம்தான் காவல்.

படத்தின் இறுதியில் ஷெல்ட்ரேக் மீண்டும் வீட்டுச் சாவியைக் கேட்கும்போது, பாக்ஸ்டர் உயரதிகாரிகளுக்கு மட்டும் உரிய கழிவறையின் சாவியை அவர் கையில் வைத்துவிட்டுப் பதவியைத் துறந்து வெளியேறுகிறார். அதனால் அவர் முன்பு செய்தது செய்யப்படாததாகிவிடாது. ஆனால் மறுப்பதற்குக் காலம் கடந்துவிட்டது என்ற சாக்கும் அவரால் பொய்யாகிறது. அலுவலகத்தில் பணிபுரியும் ஒவ்வொருவரும் ஒன்றை உணர்தல் வேண்டும்: மேலதிகாரிக்குக் கடமைப்பட்டது வேலை, தீமைக்கு வழிவிடுதல் எந்த நியமன ஆணையிலும் எழுதப்படாதது. அதைக் கேட்பவரிடம் மாட்டேன் என்று சொல்லும் துணிவைப் பிள்ளைகளுக்கு வீடும், மாணவர்க்குப் பள்ளியும், புதிய ஊழியருக்கு மூத்த ஊழியரும் கற்பிப்பாராயின், குற்றம் செய்ய நினைக்கும் மேலவர் முதலில் துணையற்றவர் ஆவார். துணையற்ற தீமை நெடுநாள் நிலைக்காது.