கடன் என்னும் சொல்லும் அயல்நாட்டுக் கல்வியும்

தமிழில் கடன் என்னும் சொல், திருப்பித் தர வேண்டிய பொருளையும் செய்தே தீர வேண்டிய கடமையையும் ஒருசேரக் குறிக்கிறது. வங்கியில் பெறுவது கடன். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு செலுத்துவது நேர்த்திக்கடன். இறந்தோர்க்குச் செய்வது இறுதிக்கடன். அயல்நாட்டில் படிக்கச் செல்லும் பிள்ளைக்காக ஒரு குடும்பம் செய்யும் செலவு இவற்றுள் எவ்வகைக் கடன் என்பதைத் தெளியாமல், அச்செலவை எவ்வாறு சமாளிப்பது என்னும் கேள்விக்கு முழுமையான விடை காண இயலாது.

தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு, தக்காளிச் சந்தையாலும் மாந்தோப்புகளாலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையாலும் அறியப்படும் ஊர். தக்காளி விலை ஒரு பருவத்தில் பறிகூலிக்கும் கட்டாத அளவுக்கு விழுவதும் மறுபருவத்தில் பல மடங்கு உயர்வதும் இங்குள்ள உழவர்க்குப் பழகிய நிகழ்வு. மழையையும் சந்தையையும் நம்பிய இத்தகைய வருவாயின்மீதுதான் மாதத் தவணை என்னும் அசையாத கணக்கு வந்து அமர்கிறது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பதால் அந்நாட்டை நாடுவோர்கூட, 2024 செப்டம்பர் முதல், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென 11,904 யூரோவை முடக்கக் கணக்கில், அதாவது மாதம் 992 யூரோ வீதம் மட்டுமே எடுக்கத்தக்க கணக்கில், பொதுவாக முன்னரே இட்டுக் காட்ட வேண்டியுள்ளது. இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தின்படி ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்துப் பிணை தேவை. படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டிலும் தவணை கட்ட வேண்டியதில்லை எனினும் அக்காலத்துக்கும் வட்டி கணக்கிடப்படுகிறது. இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கு இது மூன்றாண்டு அவகாசமாகிறது. கல்விக்காகப் பிரியும் பிரிவுக்குத் தொல்காப்பியம் வகுத்த எல்லையும் மூன்றாண்டே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

வைதிக மரபு மனிதன் கடனோடு பிறப்பதாகக் கருதுகிறது. தேவர்க்கும் ரிஷிகளுக்கும் முன்னோர்க்கும் பட்ட இம்மூன்று கடன்களைத் தைத்திரீய சம்ஹிதை பேசுகிறது. இவற்றுள் ரிஷிகடன், அதாவது அறிவைத் தந்தவர்க்குரிய கடன், கற்பதாலும் கற்பிப்பதாலும் தீர்வது. கொடுத்தவரிடமே திரும்பாமல் அடுத்தவரிடம் செல்வது அதன் இயல்பு. இஸ்லாம் வட்டியை விலக்கி, வட்டியின்றித் தரும் கடனை அழகிய கடன் என்று போற்றுவதோடு, கடன்பட்டவர் இடரில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தரவும் பணிக்கிறது. இரு மரபுகளும் வெவ்வேறு வழிகளில், கடனை வெறும் தொகையாகச் சுருக்க மறுக்கின்றன. வங்கியோ தொகையாக மட்டுமே அதைக் காண முடியும். அது வங்கியின் குற்றமன்று. பெற்றோரும் பிள்ளையும் தம் உறவை வங்கியின் கண்கொண்டு காணத் தொடங்குவதுதான் துயரம். அப்போது பெற்றோரின் கொடை முதலீடாகிறது. மாதந்தோறும் பணம் அனுப்பும் பிள்ளை, கடன் தீர்ந்தது என்று எண்ணிவிடவும் இடமுண்டு.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த மாதம் பதினொன்றரை பவுன் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றபோது, படிப்புக்குப் பின் பத்தாண்டுகள் பரோடா அரசுப் பணி செய்வதாக ஒப்பந்தம் இருந்தது. 1917இல் அவர் அதை நிறைவேற்ற வந்தும், சாதியின் பெயரால் தங்க இடம் மறுக்கப்பட்டு வெளியேற நேர்ந்தது. கடனைத் தீர்க்க இயலாமை எப்போதும் கடன்பட்டவரின் குறையன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை. வேலை கிடைக்காமல் திரும்பும் மாணவரை ஊர் நோக்கும் பார்வையும் இதனால் திருந்த வேண்டியதாகிறது.

கணிதமேதை ராமானுஜன் 1914இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜ் சென்றவர். பின்னர் அப்பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தபோது, 1919 ஜனவரியில் அவர் எழுதிய கடிதத்தில், ஆண்டுக்கு 50 பவுனைத் தம் பெற்றோர்க்குத் தருமாறும், தம் தேவைக்குப் போக எஞ்சுவதை ஏழை, அனாதைச் சிறுவரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைப்பது போன்ற கல்விப் பணிகளுக்குச் செலவிடுமாறும் கேட்டுக்கொண்டார். பெற்றோர்க்கு உரியது அவர்களிடம் செல்ல வேண்டும் என்றார். கல்விக்கு உரியது கல்வியை நோக்கியே திரும்ப வேண்டும் என்றார். இரு கடன்களையும் ஒன்றோடொன்று கலக்காமலும், ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடாமலும் பிரித்துணர்ந்த அந்தத் தெளிவு, உடல் நலிந்திருந்த காலத்தில் வெளிப்பட்டது என்பதால் மேலும் போற்றத்தக்கது.

கடனாகவே எண்ணப்படாத ஈகையும் உண்டு. பழைய தகடூரே இன்றைய தருமபுரி. அதன் தலைவன் அதியமான் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு அளித்தபோது ஈடு எதையும் எதிர்பார்க்கவில்லை. அவனுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது சென்றதும் கணக்குத் தீர்க்கும் செயலாக அன்று, அன்பின் வினையாகவே நிகழ்ந்தது. பெற்றோர் தருவதை இவ்வகையில் சேர்ப்பதே பொருந்தும்.

ஆயினும் கொடை என்று போற்றிவிடுவதால், கொடுக்கப்படும் பொருள் யாருடையது என்னும் கேள்வி மறைந்துவிடாது. கற்ற பிள்ளையின் பக்கமே தாயின் மனமும் சாயும் என்று புறநானூற்றின் 183ஆம் பாடலில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் கூறுவதில் கசப்பான உண்மை உண்டு. ஒருவர் படிக்கச் செல்ல, வயலில் நின்று தக்காளி பறிக்கும் உடன்பிறப்புக்கும் பிணையாகும் நிலத்தில் பங்கிருக்கலாம். 1989ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் பெண் மக்களுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை வழங்கியது. எனவே அண்ணனின் படிப்புக்கு அடகாகும் நிலத்தில் தங்கையின் எதிர்காலமும் அடங்கியிருக்கலாம். கட்டணம், வாழ்க்கைச் செலவு, நாணய மதிப்பு மாறினால் கூடும் சுமை, வேலை தாமதமானால் வட்டி கட்டப்போகிறவர் யார் என்பன எல்லாம் விண்ணப்பிக்கும் முன்னரே அவளுக்கும் எண்களாகச் சொல்லப்பட வேண்டும். பத்திரத்தில் பெறப்படும் கையெழுத்து அவள் ஒப்பியதைக் காட்டலாம். எதற்கு ஒப்பினாள் என்பதை அவள் அறிந்திருந்தாளா என்பதை அது காட்டாது.