வாகனமும் விவேகமும்

கடோபநிஷதத்தில் யமதர்மன் நசிகேதனுக்குத் தர முன்வந்த பொருள்களில் தேர்களும் உண்டு. பொன், யானை, குதிரை, நீண்ட ஆயுள் ஆகியவற்றோடு, மனிதர்க்கு எளிதில் கிட்டாத தேர்களையும் அவன் காட்டினான். அச்சிறுவன் அவை அனைத்தையும் மறுத்துவிட்டான். ஆனால் அதே உபநிஷதத்தில் சற்றுப் பின்னர் உடலே தேர், புத்தியே தேரோட்டி, மனமே கடிவாளம், புலன்களே குதிரைகள் என்னும் புகழ்பெற்ற உருவகம் வருகிறது. முன்னர் ஒதுக்கப்பட்ட தேரே பின்னர் வாழ்க்கையை விளக்கும் உருவகமாகிறது. தேர் தீயது என்று உபநிஷதம் சொல்லவில்லை. யார் யாரைச் செலுத்துகிறார்கள் என்பதே அது எழுப்பும் கேள்வி.

இந்தக் கேள்வி இன்று நம் நாட்டின் பல இல்லங்களில் வேறு உருவில் எழுகிறது. வருவாய் உயர்ந்த குடும்பங்கள் பல, எஸ்.யூ.வி. எனப்படும் பெரிய சொகுசு வண்டியை வாங்க விரும்புகின்றன. மலைப்பாதையிலும் சேற்றிலும் மணலிலும் செல்வதற்கென்று பிறந்த ஜீப்பின் வழிவந்த வண்டி அது. இன்று தோல் இருக்கைகளும் குளிர்சாதனமும் பெற்று, நகரச் சாலைகளில் உயர்ந்து நிற்கிறது. நேர்மையாக ஈட்டிய பணத்தில், வரியும் செலுத்தி, விரும்பிய வண்டியை வாங்குவதில் என்ன தவறு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வெறும் உபதேசத்தால் இதனைத் தட்டிக்கழிக்க முடியாது.

தேவை அணியும் உடை

டில்லியில் வாழும் ஒரு குடும்பத் தலைவரைக் கற்பனை செய்துகொள்வோம். இளமையில் ஸ்கூட்டரில் அலுவலகம் சென்றவர். பின்னர் மாருதி 800 வாங்கியவர். 1983 டிசம்பரில் வெளிவந்த அந்தச் சிறு கார் ஏறத்தாழ 650 கிலோ எடை கொண்டது. அதில் மனைவி, இரு குழந்தைகள், தாயார் ஆகிய அனைவரையும் அமர்த்திக்கொண்டு அவர் ஹரித்வார் வரை சென்று வந்ததுண்டு. இப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஏறத்தாழ 2 டன் எடையும் 2,000 கன செ.மீ.க்கு மேற்பட்ட எஞ்சினும் கொண்ட டீசல் வண்டி ஒன்றை வாங்க அவர் எண்ணுகிறார்.

தம் முடிவுக்கு அவர் கூறும் காரணங்கள் எவையும் பொய்யல்ல. தாயாருக்கு முழங்கால் வலி. தாழ்வான காரில் குனிந்து ஏறுவது கடினம். பத்ரிநாத் செல்ல வேண்டும் என்பது அவரது நெடுநாள் விருப்பம். நெடுஞ்சாலையில் விபத்து நேர்ந்தால் கனமான வண்டி உள்ளிருப்போரைக் காக்கும். டீசல் எஞ்சின் அதே அளவு பெட்ரோல் எஞ்சினைவிட ஒரு லிட்டரில் அதிகத் தொலைவு செல்லும்.

ஆனால் அவர் எவரிடமும் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. பக்கத்து வீட்டின் முன் அத்தகைய வண்டி ஒன்று சென்ற ஆண்டே வந்து நின்றுவிட்டது. திருமண மண்டபத்தின் வாயிற்காவலர் அந்த வண்டியைக் கண்டதும் சலாம் வைத்ததையும், தம் சிறிய காரைப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னதையும் அவரால் மறக்க முடியவில்லை.

ஆசை பெரும்பாலும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. தேவையின் உடையை அணிந்துகொண்டே வருகிறது. ஆகவே காரணங்கள் உண்மையானவையா என்று பார்த்தால் மட்டும் போதாது. முடிவைச் செய்தது எந்தக் காரணம் என்று பார்க்க வேண்டும். ஆண்டில் எத்தனை நாட்கள் மலைப்பாதையில் செல்லப் போகிறோம்? அந்தச் சில நாட்களுக்கு வாடகை வண்டி போதாதா? வண்டியின் முகப்பில் சின்னமே இல்லாவிட்டாலும் இதே விலை கொடுத்து இதனை வாங்குவோமா? உறவினரும் அண்டை வீட்டாரும் இதனைப் பார்க்கவே போவதில்லை என்றால் அப்போதும் வாங்குவோமா? இக்கேள்விகளுக்குத் தனிமையில் நேர்மையாக விடை காண்பவர், வண்டியை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் தம்மைப் பற்றி ஒன்றை அறிந்துகொள்கிறார்.

எஞ்சின் கற்பிக்கும் பாடங்கள்

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் உருவாக்கிய எஞ்சின் 1897-இல் வெற்றிகரமாக இயங்கிக் காட்டியது. இதில் எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறி தேவையில்லை. காற்றை மிகுந்த அழுத்தத்தில் இறுக்கும்போது தோன்றும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. அதனால் வலிமை அதிகம், சிக்கனமும் அதிகம். ஆனால் நுண்ணிய கரித்துகள்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அதன் புகையில் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் எஞ்சினின் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று 2012 ஜூனில் வகைப்படுத்தியது.

புதிய வண்டிகள் பழையவற்றைவிடப் பெரிதும் தூய்மையானவை என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளால் டீசலில் உள்ள கந்தகம் வெகுவாகக் குறைக்கப்பட்டது. கரித்துகள்களைப் பிடித்துவைக்கும் வடிகட்டியும் வண்டிகளில் இடம்பெற்றது. அந்த வடிகட்டியிலும் ஒரு பாடம் இருக்கிறது. அதில் சேரும் கரி, வண்டி நெடுந்தூரம் ஒரே சீராக ஓடும்போது உண்டாகும் வெப்பத்தில் எரிந்துவிடுகிறது. பள்ளி வாசலுக்கும் காய்கறிக் கடைக்குமாக நாளும் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே சென்று வந்தால், கரி எரியாமல் தேங்கி வடிகட்டி அடைபடுகிறது. மலைக்கென்று வாங்கிய வண்டி தெருமுனையில் மூச்சுத் திணறுகிறது. தன் இயல்புக்கேற்ற பணியில் ஈடுபடாத எந்த ஆற்றலும் தனக்குள்ளேயே கசடைச் சேர்த்துக்கொள்ளும் என்பது மனித மனத்துக்கும் பொருந்தும்.

மற்றொரு பாடம் 2015-இல் கிடைத்தது. ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தின் டீசல் கார்களில், சோதனை நடைபெறுவதை உணர்ந்துகொள்ளும் மென்பொருள் பொருத்தப்பட்டிருந்ததை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அவ்வாண்டு செப்டம்பரில் வெளிப்படுத்தியது. சோதனைக் கூடத்தில் அந்த எஞ்சின்கள் விதிக்கு அடங்கி நடந்தன. சாலைக்கு வந்ததும் அனுமதித்த அளவைவிடப் பன்மடங்கு நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிட்டன. நிறுவனத்தின் தலைவர் பதவி விலக நேர்ந்தது. பார்ப்பவர் இருக்கும்போது ஒழுக்கம், இல்லாதபோது வேறு என்னும் நிலை இயந்திரத்துக்கு எங்கிருந்து வந்தது? மனிதன் தன் இயல்பையே அதற்குக் கற்பித்தான். அந்த நிறுவனத்தைப் பழிப்பது எளிது. நம்முள்ளும் அத்தகைய மென்பொருள் ஒன்று இயங்குகிறதா என்று பார்ப்பதே கடினம்.

சட்டமும் தருமமும்

சட்டம் அனுமதிக்கிறது என்பதே பலருக்குப் போதுமான விடையாக இருக்கிறது. இவ்விஷயத்தில் சட்டம் நடந்துவந்த பாதையைச் சற்றுப் பார்க்கலாம்.

2014 அக்டோபர் வரை டீசல் விலை அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. உணவுப்பொருள் ஏற்றும் லாரிகள், ஏழைகள் செல்லும் பேருந்துகள், உழவரின் டிராக்டர்கள், இறைப்பு எஞ்சின்கள் ஆகியவற்றை எண்ணியே அவ்விலை பல ஆண்டுகள் தாழ்த்தி வைக்கப்பட்டது. அதே குழாயிலிருந்து, அதே விலைக்கு, சொகுசு வண்டிகளும் எரிபொருள் நிரப்பிக்கொண்டன. அதில் சட்டமீறல் எதுவும் இல்லை. ஆயினும் உழவனுக்கென்று வைத்த பந்தியில் செல்வந்தரும் வந்து அமர்ந்தது போன்றதே அது.

2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், 2,000 கன செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட டீசல் கார்களைத் தலைநகர்ப் பகுதியில் பதிவு செய்யத் தடை விதித்தது. 2016 ஆகஸ்டில், விலையில் 1 சதவீதத்தைச் சுற்றுச்சூழல் இழப்பீடாகச் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையுடன் தடை நீங்கியது. பத்தாண்டுகளைக் கடந்த டீசல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. 2025-இல் அவ்விஷயம் மீண்டும் நீதிமன்றத்தின் முன் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 சதவீதமும் பெரிய கார்களுக்கு 40 சதவீதமும் சரக்கு மற்றும் சேவை வரி என்றாயிற்று.

சட்டம் தடுக்கிறது, தளர்த்துகிறது, மீண்டும் மாற்றுகிறது. அது அதன் இயல்பு. 1 சதவீத இழப்பீடு செலுத்திவிட்டால் காற்று தூய்மையாகிவிடுவதில்லை. 40 சதவீத வரி கட்டிவிட்டால் கடமை தீர்ந்துவிடுவதுமில்லை. சட்டம் மனிதன் கடக்கக்கூடாத எல்லையைச் சொல்கிறது. அந்த எல்லைக்குள் எங்கே நிற்பது என்பதைச் சொல்ல வேண்டியது அவனது விவேகமே.

கண்ணாடிக்கு வெளியே

சொகுசு என்பது என்ன? பெரும்பாலும் அது வெளியுலகைத் துண்டிக்கும் ஆற்றலே. கண்ணாடியை ஏற்றியதும் ஓசை அடங்குகிறது, புழுதி மறைகிறது, வடிகட்டிய குளிர்ந்த காற்று வருகிறது. அதே வேளையில் கண்ணாடிக்கு வெளியே போக்குவரத்துக் காவலர் சந்திப்பில் நிற்கிறார். தேநீர்க் கடைக்காரர் சாலையோரம் அடுப்பு மூட்டுகிறார். பள்ளிச் சிறுமி சாலையைக் கடக்கக் காத்திருக்கிறாள். உள்ளே உள்ளவர் விட்டுச்செல்லும் காற்றையே அவர்கள் சுவாசிக்கிறார்கள். தம் தாயின் முழங்காலுக்காக வாங்கிய வண்டி, சாலையோரத்தில் நிற்கும் வேறொருவர் தாயின் நுரையீரலைத் தொடுகிறது. டில்லியின் குளிர்காலத்தில் அது தம் தாயின் நுரையீரலையும் விட்டுவைப்பதில்லை.

பாதுகாப்பும் இத்தகையதே. வண்டியின் முன்புறத்தில் இரும்புக் கம்பித் தடுப்புகள் பொருத்துவது ஒருகாலத்தில் பெருமையாகக் கருதப்பட்டது. அவை நடந்து செல்வோரைக் கொடிதாகத் தாக்கும். காற்றுப்பைகள் உரிய நேரத்தில் விரிவதையும் கெடுக்கக்கூடும். எனவே 2017 டிசம்பரில் மத்திய அரசு அவற்றுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. உயரமான முகப்பு, அருகில் நிற்கும் குழந்தையை ஓட்டுபவரின் பார்வையிலிருந்து மறைத்துவிடும். உள்ளிருப்பவருக்குப் பாதுகாப்பு கூடும் அளவுக்கு, வெளியிருப்பவர் மீது அவருக்குள்ள பொறுப்பும் கூட வேண்டும்.

முன்பு கற்பனை செய்துகொண்ட குடும்பத் தலைவர் முடிவில் அந்த வண்டியை வாங்கிவிட்டார் என்று கொள்வோம். முதல் மாதம். பழைய டில்லியின் நெரிசலில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவின் கைப்பிடி, பளபளக்கும் கதவில் உரசிவிடுகிறது. ஒரு சாண் நீளக் கீறல். அவர் இறங்குகிறார். வாழ்நாளில் எவரையும் அடித்தறியாத அவரது கை ஓங்குகிறது. ரிக்‌ஷாக்காரர் இரு கைகளையும் கூப்பி நிற்கிறார். பின் இருக்கையில் இருந்த தாயார் கண்ணாடியை இறக்கிச் சொல்கிறார்: “மகனே, வண்டிக்கு வலிக்காது, அவனுக்கு வலிக்கும்.”

ஓங்கிய கை தாழ்ந்துவிடலாம். ஆனால் கை ஓங்கியது எவ்வாறு? ஸ்கூட்டரில் சென்ற காலத்தில் எத்தனையோ கீறல்களைக் கண்டவர்தாம் அவர். அப்போது வராத சினம் இப்போது வந்தது ஏன்? அன்று வண்டி அவருடையதாக இருந்தது. இன்று அவர் வண்டியினுடையவராகிவிட்டார். கீறல் விழுந்தது கதவில் அன்று. அவர் தம்மைப் பற்றி எழுப்பிக்கொண்ட உருவத்தில்.

உடைமையின் கடமை

எனவே வாங்காதே என்று அனைவருக்கும் பொதுவாக விதிப்பது எளிதுமன்று, சரியுமன்று. மலைக்கிராமத்து மருத்துவருக்கு அத்தகைய வண்டி அவசியமாகலாம். நகரத்தில் தனியாக வாழும் ஒருவருக்கு அது முற்றிலும் மிகையாகலாம். சிறிய வண்டியில் நிறைவு காண்பவர், எஞ்சிய பணத்தில் பல நல்ல காரியங்கள் செய்யலாம். வாங்கியே தீர்பவருக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. செல்வத்தைத் தமக்கென்று அல்லாமல் பிறர்க்காகப் பாதுகாக்கும் தர்மகர்த்தாவாக இருக்குமாறு காந்தியடிகள் செல்வந்தர்க்குச் சொன்னார். அது வண்டிக்கும் பொருந்தும்.

தர்மகர்த்தாவாக வண்டி வைத்திருப்பவர், நடந்து செல்லக்கூடிய தொலைவுக்கு அதனை எடுக்கமாட்டார். மின்தொடரோ பேருந்தோ இருக்குமிடத்தில் அதில் செல்லத் தயங்கமாட்டார். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் இரண்டரைக் கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயு வானில் சேர்கிறது என்பதை அறிந்திருப்பதால், குளிர்சாதனத்துக்காக எஞ்சினை மணிக்கணக்கில் ஓடவிடமாட்டார். ஓட்டுநர் இருந்தால், தாம் விருந்துண்ணும் வேளையில் அவரும் உணவருந்தினாரா என்று கேட்பார். நள்ளிரவுப் பயணத்துக்கு முன் அவர் உறங்கினாரா என்று விசாரிப்பார். சாலையில் நடப்பவருக்கு முதலில் வழிவிடுவார். பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால், நள்ளிரவிலும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

பறம்பு மலையின் தலைவன் பாரி, பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரை ஈந்தான் என்று தமிழுலகம் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் போற்றி வருகிறது. அன்று தேர் வைத்திருந்த அரசர்கள் பலர். அவர்களது தேர்களின் அழகையோ விலையையோ இன்று எவரும் நினைப்பதில்லை. தேரில் அமர்ந்திருந்தபோதும் வெளியே வாடிய கொடி பாரியின் கண்ணில் பட்டது. வண்டி வைத்திருப்பவர் எவரும் நாளும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியதும் அதுவே: கண்ணாடிக்கு வெளியே நிற்பது தம் கண்ணில் படுகிறதா? படுமானால் தேரோட்டி விழித்திருக்கிறான். பயணமும் நல்வழியில் செல்லும்.