சீனியாரிட்டி

துபாயிலிருந்து வேலைக் கடிதம் வந்திருக்கிறது. போயிங் 777-இல் துணை விமானி. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

சம்பளத்தைப் பற்றி அதிகம் யோசிக்க ஒன்றும் இல்லை. வருமான வரி கிடையாது. வீட்டுக்கும் மகளின் பள்ளிக்கும் தனிப்படி உண்டு. யோசிக்க வைப்பது சீனியாரிட்டி எண். விமானியின் வாழ்க்கையை நடத்துவது அந்த எண்தான். எப்போது கேப்டன் ஆவது, எந்த ரக விமானத்துக்கு மாறுவது, தீபாவளிக்கு யாருக்கு லீவு, எல்லாமே வேலையில் சேர்ந்த தேதி வரிசைப்படிதான். நிறுவனம் மாறினால் பறந்த மணிக்கணக்கு லாக்புக்கில் நிற்கும். வரிசையில் மட்டும் கடைசி ஆள். இங்கே ஏர்பஸ் 320-இல் கேப்டனாவதற்கான கமாண்ட் பயிற்சிக்கு என் முறை நெருங்கிவிட்டது. அங்கே போனால் மறுபடி பல ஆண்டுகள் துணை விமானியின் வலப்பக்க இருக்கைதான்.

வேலையும் வேறு மாதிரி. உள்நாட்டில் ஒரே நாளில் நான்கு முறைகூட ஏறி இறங்குகிறோம். மங்களூரில் மலைமேட்டு ஓடுதளம், டெல்லியில் ஜனவரி மூடுபனி, சென்னையில் மதியக் கடற்காற்று. துபாயிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் ஏறக்குறைய 16 மணி நேரம். நான்கு விமானிகள், ஒரே ஒரு இறக்கம். 90 நாளில் மூன்று முறை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும் என்ற விதி இங்கே எனக்கு நினைவுக்கே வருவதில்லை. நெடுந்தூரம் பறக்கும் நண்பர்கள் அதை எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு விமானத்தை இறக்குவது பிடிக்கும். முடிவெடுக்கும் இருக்கையில் உட்கார்ந்து இறக்க வேண்டும் என்ற ஆசை பெரிய விமானத்தின் மீதுள்ள ஆசையைவிடப் பெரிது.

இங்கே இருந்தால் எல்லாம் நிலைக்கும் என்றும் இல்லை. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது, எத்தனையோ பேரின் சீனியாரிட்டி ஒரே நாளில் வெறும் எண்ணாகிப்போனது. 2020-இல் வளைகுடாவில் வேலை போனவர்களுக்கோ வேலையோடு விசாவும் போயிற்று. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

என் மனைவி தாம்பரத்தில் பொதுத்துறை வங்கி அதிகாரி. அடுத்த பதவி உயர்வுக்குக் காத்திருக்கிறாள். நான் இந்தக் கணக்கையெல்லாம் சொல்லி முடித்ததும், "உங்க நம்பர் போறதுக்கு இவ்வளவு யோசிக்கிறீங்களே, என் நம்பர்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, அதனால்தான் பதில் சொல்லக் கடினமாக இருந்தது. கடிதத்தில் அவளுக்கு டிக்கெட் இருக்கிறது, மருத்துவக் காப்பீடு இருக்கிறது. அவள் விட்டுவிட்டு வரவேண்டிய பதவிக்கு எந்தப் படியும் இல்லை. நான் அங்கே கடைசி ஆளாகச் சேர்ந்தாலும் விமானிதான். அவள் ராஜினாமா செய்தால் அந்த நாற்காலிக்குத் திரும்ப வழியே இல்லை.

நான் மட்டும் போய்வரலாம். பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். துபாய்–சென்னை நான்கு மணி நேரம்தான். ஆனால் ஊழியர் டிக்கெட்டில் இருக்கை காலியாக இருந்தால்தான் இடம். கண்டம் தாண்டிப் பறந்துவிட்டு வருபவன் விடுப்பில் பாதியைத் தூங்கியே கழிப்பான். எட்டாவது படிக்கும் மகளுக்கு அப்படி ஒரு அப்பா போதாது என்று நினைக்கிறேன்.

இப்போதைக்கு வரவில்லை என்றுதான் எழுதப்போகிறேன். கமாண்ட் கிடைத்து, கேப்டனாகப் பறந்த மணிகளும் சேர்ந்தபின், நேரடியாகக் கேப்டன்களை எடுக்கும் நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்க வாய்ப்பிருக்கிறது. அப்போது விண்ணப்பம் அனுப்பும் முன்பே மனைவியிடம் அவளுடைய வரிசை எங்கே நிற்கிறது என்று கேட்பேன்.